மியூனிக்கில் நான் கொன்ற காபி மெஷின்!

மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி போகலாமானு யோசிச்சிட்டிருக்கிற மக்களே, உங்களுக்கு அட்வைஸ் சொல்ல ஊரே காத்திருக்கும். ஏ.பி.எஸ் சர்டிபிகேட்டை சீக்கிரம் வாங்கிடு, பிளாக்டு அக்கவுன்ட்ல 11,904 யூரோ போட்டு வை, குளிருக்கு தெர்மல் எடுத்துக்கோ, குக்கர் கேஸ்கெட் ரெண்டா வாங்கிக்கோ... எல்லாம் சரி. ஆனா கிச்சன் மேடையில உட்கார்ந்திருக்கிற அந்தக் கறுப்புப் பெட்டியைப் பத்தி ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எனக்கும் சொல்லலை. அதனால வந்த வினைதான் இந்தக் கதை.

2024 அக்டோபர் முதல் வாரம். மியூனிக்ல ஜென்ட்லிங்னு ஒரு ஏரியா. ஹாரஸ் ஸ்டேஷன்ல இறங்கி அஞ்சு நிமிஷம் நடந்தா, நாலு ரூம் உள்ள ஒரு ஃபிளாட். நாலு ரூமுக்கு நாலு பேர், ஒரே கிச்சன், ஒரே பாத்ரூம். இதை அங்கே ‘வே-கே’ம்பாங்க. நம்ம ஊர் மேன்ஷன் மாதிரிதான், ஆனா சண்டை கொஞ்சம் மெதுவான குரல்ல நடக்கும். மியூனிக்ல ரூம் கிடைக்கிறதுங்கிறது அண்ணா யூனிவர்சிட்டி கவுன்சலிங்ல முதல் நாளே சி.எஸ்.இ கிடைக்கிற மாதிரி. இன்டர்வியூ உண்டு. ‘பாத்திரம் கழுவுவியா, ராத்திரி போன்ல கத்துவியா’ங்கிற ரேஞ்சுல கேள்வி கேட்பாங்க. நான் பாஸ் ஆயிட்டேன். பெட்டியை இறக்கி வெச்சேன்.

மறுநாள் காலையில ஆறரை மணி. சுவருக்கு அந்தப் பக்கம் ‘கர்ர்ர்ர்ர்’னு ஒரு சத்தம். ரோடு போடுறாங்களோனு எழுந்து ஓடினா... கிச்சன்ல டிரெஸ்டன்காரர் ஒரு பட்டனை அமுக்கிட்டு பேசாம நிக்கிறார். பெட்டி தானா கொட்டையை அரைக்குது, தானா அமுக்குது, தானா வெந்நீரைச் செலுத்துது. நாற்பது செகண்ட்ல மேலே பொன் நிற நுரையோட ஒரு காபி. மிச்சமான சக்கையையும் தானே உள்ளே தள்ளி மூடி வெச்சுக்குது!

இதுக்கு அங்கே ‘காஃபே ஃபோல்-ஆட்டோமாட்’னு பேர். முழுத் தானியங்கி. நம்ம ஊர்ல ஏர்போர்ட்லயும் ஐ.டி. கம்பெனி பேன்ட்ரியிலயும் பார்க்கிற சமாச்சாரம். ஜெர்மனியில இது வீட்டு சாமான். மிக்ஸி மாதிரி, வாஷிங் மெஷின் மாதிரி. எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனா டி.வி. வரிசைக்குச் சமமா இதுக்கும் ஒரு வரிசை. இத்தாலியில மலை மேல இருக்கிற காட்ஜோ மொந்தானோங்கிற சின்ன ஊர்ல 1981-ல தொடங்கின சாயெக்கோ கம்பெனி, 1985-ல வீட்டுக்கான மாடலை இறக்கினாங்க. கண்டுபிடிப்புல இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பங்கு உண்டு. ஆனா காதலிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டது ஜெர்மனிக்காரங்கதான்!

யோசிச்சா நமக்கும் இது ரொம்பப் புதுசு இல்லை. தாத்தா வீட்டுப் பெஞ்சு ஓரத்துல திருகி மாட்டின, கையால சுத்துற காபிக்கொட்டை மெஷின் பார்த்திருக்கீங்களா? வறுக்கிறதும் வீட்டுல, அரைக்கிறதும் வீட்டுல, இறக்குறதும் வீட்டுல. அதுல மோட்டாருக்குப் பதிலா பேரன். அவ்வளவுதான் வித்தியாசம்.

பொடி விஷயம்!

இப்போ குற்றத்துக்கு வருவோம்.

அம்மா திருச்சியில கண்ணெதிரே அரைச்சு வாங்கின பீபெரி பொடி, இருபது சதவீதம் சிக்கரி கலந்தது, அரை கிலோ பெட்டியில இருந்துச்சு. ஃபில்டர் கொண்டு போகலை. வெயிட் இடிச்சுதுனு ஏர்போர்ட்ல எடுத்து அப்பா கையில கொடுத்துட்டேன் (இன்னைக்கும் வருத்தப்படுற முடிவு). பொடி இருக்கு, ஃபில்டர் இல்லை. எதிர்ல எல்லாம் செய்யுற மெஷின் உட்கார்ந்திருக்கு. ரெண்டாவது வாரம், புதன்கிழமை, எட்டு மணிக்கு கார்ஷிங் கேம்பஸ்ல லேப். ஹாரஸ்ல யு-6 பிடிச்சா முக்கால் மணி நேரத்துல கேம்பஸ். ஆறு மணிக்கு எழுந்து மெஷினோட மேல் மூடியைத் திறந்து பார்த்தேன். நாலஞ்சு கொட்டைதான் கிடந்துச்சு.

நம்ம மூளை என்ன சொல்லும்? ‘கொட்டையை அரைச்சாதானே பொடி? நாம பொடியாவே போட்டுட்டா மெஷினுக்கு வேலை மிச்சம்!’

அஞ்சு ஸ்பூன் போட்டேன். ‘கர்ர்ர்’. காபிக்குப் பதிலா பழுப்புக் கலர்ல வெந்நீர் வந்துச்சு. ‘கொட்டை இல்லை’னு லைட் கண் சிமிட்டுச்சு. இன்னும் அஞ்சு ஸ்பூன். ‘கர்ர்ர்’ங்கிற சத்தம் ‘உம்ம்ம்’ ஆச்சு. அப்புறம் சத்தமே இல்லை. லேசா கருகல் வாசனை. மூடியைச் சாத்தினேன், பையை மாட்டினேன், யு-6 பிடிச்சேன். திரும்பியே பார்க்கலை.

சாயங்காலம் வந்தா, மூணு பேரும் மெஷினைச் சுத்தி நிக்கிறாங்க. சாவு வீடு மாதிரி ஒரு அமைதி. டிரெஸ்டன்காரருக்கு முப்பது வயசு இருக்கும், வேலைக்குப் போறவர். முதல் சம்பளத்துல வாங்கின மெஷினாம் அது. சட்டம் படிக்கிற துருக்கி வம்சாவளிப் பொண்ணு, ‘‘காலையில நல்லாத்தானே இருந்துச்சு?’’னு கேட்டா. நர்ஸிங் படிக்கிற பவேரியாக்காரப் பையன் தோளைக் குலுக்கினான். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நானும் தோளைக் குலுக்கினேன்.

ஆமா, வாய் திறக்கலை. கோழைத்தனம்தான். ஆனா என் கணக்கையும் பாருங்க. பிளாக்டு அக்கவுன்ட்ல இருந்து மாசத்துக்கு 992 யூரோ வரும். வாடகை, இன்ஷூரன்ஸ், ட்ரெயின் பாஸ் போனா கையில மிஞ்சுறது கத்தரிக்காய்க்கும் அரிசிக்கும்தான். அந்த மாதிரி மெஷின் புதுசா ஐந்நூறு, அறுநூறு யூரோ. காசு ஒரு பக்கம். ‘இந்தப் பையனை எடுத்தது தப்போ’னு அவங்க நினைச்சிட்டா, அந்த ஊர்ல இன்னொரு ரூம் தேட எனக்குத் தெம்பு இல்லை.

ரெண்டு நாள் ஓட்டினேன். கிச்சன்ல காலையில யாரும் நிக்கிறதில்லை, பேசுறதில்லை. அந்த மெஷின் பக்கத்துல நின்ன மூணு நிமிஷத்துலதான் அந்த வீட்டுல எல்லாருமே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டிருந்தோம்னு அப்பதான் புரிஞ்சுது. வெள்ளிக்கிழமை ராத்திரி டிரெஸ்டன்காரர் மெஷினை அட்டைப்பெட்டியில வெச்சுட்டிருந்தார். மறுநாள் மாநகராட்சியோட மறுசுழற்சி மையத்துல போட்டுடப் போறாராம். அதுக்கு மேல தாங்கலை. திக்கித் திணறி பாதி ஜெர்மன், பாதி இங்கிலீஷ்ல ஒப்புக்கிட்டேன்.

அவர் கத்துவார்னு நினைச்சேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ‘‘ஹாஃப்ட்-ஃப்ளிஷ்ட் இருக்கா?’’

அப்படின்னா, நீங்க அடுத்தவங்க பொருளை உடைச்சா பணம் தர்ற இன்ஷூரன்ஸ். வருஷத்துக்குச் சில பத்து யூரோதான். ஜெர்மனியில ஏறக்குறைய எல்லார்கிட்டயும் இருக்கும். நான் எடுக்கலை. (போறவங்க முதல் வாரமே எடுத்துடுங்க, ப்ளீஸ். அதுலயும் கூட இருக்கிறவங்க பொருளுக்குச் செல்லுமானு கேட்டு எடுங்க.) தலையை ஆட்டினேன். ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தார். அப்புறம், ‘‘நாளைக்கு மத்தியானம் ஃப்ரீயா? ரிப்பேர் கஃபேக்குப் போகலாம். ஆனா மெஷினை நீதான் தூக்கணும்.’’

ஒன்பது கிலோவுக்குக் குறையாது. தூக்கினேன்.

தாத்தாவும் டார்க்ஸ் ஸ்குரூ டிரைவரும்

ரிப்பேர் கஃபேங்கிறது கடை இல்லை. 2009-ல ஆம்ஸ்டர்டாம்ல தொடங்கி உலகம் பூரா பரவின ஐடியா. மாசத்துல ஒரு நாள் ஏதாவது ஒரு சமூகக் கூடத்துல கூடுவாங்க. ரிட்டயர்டு ஆன எலெக்ட்ரீஷியன், இன்ஜினீயர், தையல் தெரிஞ்ச பாட்டி எல்லாரும் கருவிகளோட வந்து உட்கார்ந்திருப்பாங்க. நீங்க கெட்டுப்போன பொருளோட போகணும். கட்டணம் இல்லை, உண்டியல் உண்டு. பக்கத்துல கேக்கும் காபியும் உண்டு. ஒரே ஒரு கண்டிஷன்... பொருளைக் கொடுத்துட்டு ஓடக் கூடாது. கூடவே உட்கார்ந்து கத்துக்கணும்.

எங்களுக்குக் கிடைச்சவர் எழுபதைத் தாண்டின தாத்தா. மூக்குக் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். டிரெஸ்டன்காரர் விஷயத்தைச் சொன்னதும் தாத்தா ஸ்குரூ டிரைவரை என் பக்கம் நீட்டினார். ‘‘அடைச்சது நீ. பிரிக்கிறதும் நீ.’’

மெஷின் ஓட்டைக் கழட்டினா உள்ளே இருக்கிறது நாலே நாலு சமாச்சாரம்தான் ஃப்ரெண்ட்ஸ். மேலே அரைக்கிற கல், அதாவது பல் வெச்ச ரெண்டு வளையம், ஸ்டீல்லயோ செராமிக்லயோ இருக்கும். அதுக்குக் கீழே காபி இறக்குற யூனிட். ஏழிலிருந்து பதினாலு கிராம் வரைக்கும் பொடியை வாங்கி, பிஸ்டன் மாதிரி அமுக்கி, வெந்நீரைக் கடத்துற இடம். அப்புறம் ஒரு குட்டி பம்ப். அட்டைப்பெட்டியில ‘15 பார்’னு பெருசா போட்டிருப்பாங்களே, அது இதோட அதிகபட்ச சக்தி. எஸ்ப்ரெஸோவுக்கு ஒன்பது பார் போதும், அதனால அந்த நம்பரைப் பார்த்து மயங்க வேண்டாம். கடைசியா தண்ணியைச் சூடாக்குற ஹீட்டர்.

கொட்டை உருண்டு விழும், பொடி விழாது. அதுலயும் நம்ம பொடியில சிக்கரி. ஈரத்தைப் பார்த்தா இழுத்துக்கிட்டு பிசின் மாதிரி ஒட்டும். கல்லுக்கு மேல தார் ரோடு மாதிரி இறுகிப் போயிருந்துச்சு. முதல்ல வாக்குவம் கிளீனர். அப்புறம் மேல் வளையம் எந்தப் பல்லுல நிக்குதுனு மார்க்கர்ல ஒரு கோடு (இதை மறந்தா திரும்ப மாட்டும்போது அரைக்கிற அளவே மாறிடும்), அதைத் திருகிக் கழட்டி, பழைய டூத் பிரஷ்ஷால ஒவ்வொரு பல்லா சுரண்டினேன். முக்கால் மணி நேரம். தாத்தா நிதானமா ஆப்பிள் கேக் சாப்பிட்டார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்.

அடுத்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்து காபி இறக்குற யூனிட்டை வெளியே இழுக்கச் சொன்னார். இழுத்தேன். டிரெஸ்டன்காரர் ‘‘அது வெளியே வருமா?’’னு கேட்டார் பாருங்க... தாத்தா கேக்கைக் கீழே வெச்சுட்டார்.

ரெண்டு வருஷமா அதை யாருமே எடுத்துக் கழுவலை. கரும்பச்சையா பூஞ்சணம்! ஈரமான காபி சக்கை, இருட்டு, வெதுவெதுப்பு. பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல ஹாஸ்டல் கிடைக்குமா? அதுல இறங்கின காபியைத்தான் எல்லாரும் ரசிச்சுக் குடிச்சிட்டிருந்தாங்க. நானும்தான்.

ரகசியம் இன்னும் முடியலை. வெந்நீர்க் குழாயைத் திறந்தா தண்ணி நூல் மாதிரி வருது. தாத்தா கேட்டார், ‘‘மெஷினை எந்த ஊர்ல வாங்கினே?’’ ‘‘டிரெஸ்டன்.’’ ‘‘இங்கே வந்ததும் தண்ணி செட்டிங்கை மாத்தினியா?’’ பதில் இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமா படிங்க, நம்ம ஊருக்கும் பொருந்தும். மியூனிக் குழாய்த் தண்ணியில பெரும்பகுதி ஆல்ப்ஸ் அடிவாரத்து மாங்ஃபால் பள்ளத்தாக்குல இருந்து வருது. குடிக்க அமிர்தம். ஆனா சுண்ணாம்புப் பாறையில ஊறி வர்ற தண்ணி. ஜெர்மனியில தண்ணியோட கடினத்தை ஒரு தனி டிகிரியில சொல்லுவாங்க. 8.4-க்குக் கீழே இருந்தா மென்மை, 14 வரை நடுத்தரம், 14-க்கு மேல கடினம். மியூனிக் கடினம் லிஸ்ட்ல. டிரெஸ்டன் தண்ணி இதைவிட மென்மை. இந்த மெஷின்களுக்குத் தண்ணியைச் சோதிச்சுப் பார்க்கத் தெரியாது. நீங்க செட்டிங்ல வெச்ச கடினத்தையும், ஓடின தண்ணி அளவையும் வெச்சு, ‘இந்நேரம் இவ்வளவு உப்பு படிஞ்சிருக்கும்’னு கணக்குப் போட்டுத்தான் ‘என்னைச் சுத்தம் பண்ணு’னு லைட் போடும். டிரெஸ்டன் செட்டிங்லயே இருந்த மெஷின், மியூனிக் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு ‘எனக்கு ஒண்ணும் இல்லை’னு சொல்லிக்கிட்டே உள்ளுக்குள்ள அடைஞ்சிட்டிருந்திருக்கு! நம்ம வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடு மேல வெள்ளையா உப்பு பூக்குமே, அதேதான்.

அப்பதான் பவேரியாக்காரப் பையன் ஒரு தடவை வினிகர் ஊத்தி ‘சர்வீஸ்’ பண்ணின விஷயமும் வெளியே வந்துச்சு. தாத்தா கண்ணை மூடிக்கிட்டார். வினிகர் உப்பைக் கரைக்கும், கூடவே ரப்பர் வளையங்களையும் பதம் பார்க்கும், வாசனையும் லேசில் போகாது. எலுமிச்சை உப்புனு நாம சொல்ற சிட்ரிக் ஆசிட்லயும் ஒரு வில்லங்கம். சூடான தண்ணியில அது சுண்ணாம்போட சேர்ந்து கரையாத இன்னொரு உப்பா மாறி ஹீட்டர்லயே உட்கார்ந்துக்கும். இந்த மெஷின்களோ கழுவும்போதே சூடாகிற ஜாதி. அதனால இதுக்குன்னே விக்கிற திரவத்தை வாங்கி ஊத்துறதுதான் புத்திசாலித்தனம். சில யூரோவுக்குக் கஞ்சப்பட்டு சில நூறை இழக்காதீங்க.

நாலு மணி நேரம் கழிச்சு, புது ஓ-ரிங் போட்டு, உணவுக்கு ஏத்த சிலிகான் கிரீஸ் தடவி, யூனிட்டை உள்ளே தள்ளி பட்டனை அமுக்கினோம். ‘கர்ர்ர்ர்’. முதல் ரெண்டு காபியைக் கீழே ஊத்தச் சொன்னார் தாத்தா. மூணாவதை அவரே குடிச்சார். ‘‘கொலை ஒண்ணு, கொலைகாரங்க நாலு பேர்’’னு டிரெஸ்டன்காரரைப் பார்த்துச் சிரிச்சார். உண்டியல்ல இருபது யூரோ போட்டேன். ஓ-ரிங், கிரீஸ் பன்னிரண்டு யூரோ. அதைப் பாதிப் பாதி போட்டுக்கலாம்னு டிரெஸ்டன்காரரே சொன்னார். திரும்பி வரும்போது அந்த ஒன்பது கிலோவைப் பாதி வழி அவர் தூக்கினார்.

வாங்குறவங்க காதுல போட்டுக்கிறது

இப்படி ஒரு அனுபவம் வந்ததும் நான் அந்த ஏரியாவுல ‘மெஷின் டாக்டர்’ ரேஞ்சுக்குப் போயிட்டேன்! கேம்பஸ்ல நம்ம பசங்க ரூம்ல ஆளுக்கு நூறு யூரோ போட்டு பழைய மெஷின் வாங்கணும்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. பழசு மியூனிக்ல நிறைய கிடைக்கும். சனிக்கிழமை ரீம் பக்கத்துல நடக்கிற பெரிய சந்தை, மாநகராட்சிக் குப்பை நிர்வாகமே நடத்துற ‘ஹாலே 2’ங்கிற பழைய பொருள் கடை, அப்புறம் தெரு ஓரத்துல ‘இலவசமா எடுத்துக்கோங்க’னு துண்டுச் சீட்டு ஒட்டி வெச்சிருக்கிற பெட்டிகள். கடைசி ஐட்டத்துல ஒரு எச்சரிக்கை. ஜனவரியில தெருவுல கிடக்கிற மெஷினைத் தூக்கிட்டு வந்துடாதீங்க. உள்ளே மிச்சமிருக்கிற தண்ணி ராத்திரி உறைஞ்சு விரிஞ்சு, குழாயையும் ஹீட்டரையும் விரிசல் விட வெச்சிருக்கும்.

நான் முதல்ல பார்க்கிறது பிராண்டு இல்லை. காபி இறக்குற யூனிட் கையால வெளியே வருதா? டெலாங்கி, பிலிப்ஸ், சீமென்ஸ், மெலிட்டானு பெரும்பாலும் வரும். வாரம் ஒரு தடவை எடுத்து, சோப்பு போடாம, வெதுவெதுப்பான குழாய்த் தண்ணியில கழுவி, காய வெச்சு மாட்டினா போதும். சுவிட்சர்லாந்தின் யூராவுல வராது. அவங்க லாஜிக் வேற. மாத்திரை போட்டு மெஷினே தன்னைக் கழுவிக்கும், நீங்க கை வைக்காதீங்கனு சொல்லுவாங்க. மாத்திரையை ஒழுங்கா போடுறவங்க வீட்டுல அது அருமையான மெஷின். நாலு பேர் பொறுப்பில்லாம இருக்கிற வீட்டுல எனக்குக் கண்ணுல பார்க்க முடியுறதுதான் வேணும்.

அதனால பழசு வாங்கப் போனா கூச்சப்படாம யூனிட்டை இழுத்து மூக்கு கிட்ட வெச்சு மோந்து பாருங்க. காபி வாசனைனா சரி, பழைய பூட்டின வீட்டு வாசனைனா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. வெந்நீரைத் திறந்து விட்டு தாரை எவ்வளவு தடிமன்னு பாருங்க. நிறைய மெஷின்ல இதுவரைக்கும் எத்தனை காபி போட்டிருக்குனு மெனுவுக்குள்ள ஒரு கணக்கு இருக்கும், கார் கிலோ மீட்டர் மாதிரி. மெஷினுக்கு அடியில கை விட்டுத் தடவுங்க, ஈரம் இருந்தா எங்கேயோ கசியுது.

பால் நுரை சிஸ்டத்துக்கு ஆசைப்படுறீங்களா? நம்ம ஆளுங்க பால் காபிக் கட்சி, ஆசை வரத்தான் செய்யும். ஆனா இந்த மெஷின் தர்ற பால் நாக்கு சுடுற சூட்டுல வராது. டபராவுல ஆத்திக் குடிச்ச நமக்கு ‘என்னடா ஆறிப் போச்சே’னுதான் தோணும். அதுக்கு மேல, அந்தப் பால் குழாயை ஒவ்வொரு தடவையும் கழுவணும். ஒரு நாள் விட்டாலும் உள்ளே தயிர். நான் சொல்றது, பாலை அடுப்புல காய்ச்சிக்கோங்க.

கொட்டை விஷயம். கறுப்பா எண்ணெய் மினுமினுக்க வறுத்த கொட்டை பார்க்க அழகு, மெஷினுக்கு எமன். கல்லுல ஒட்டும். சர்க்கரைப் பாகு, வாசனை சேர்த்த கொட்டையும் வேண்டாம். பொடினு எழுதியிருக்கிற தனி ஓட்டை சில மெஷின்ல உண்டு. அதுல சுத்தமான காபிப் பொடி ஒரு ஸ்பூன் போடலாம். சிக்கரிப் பொடியை அதுலகூட நான் போட மாட்டேன், போட்டவன் சொல்றேன்! சக்கைத் தட்டை மூணு நாளைக்கு மேல விடாதீங்க. லீவுக்கு ஊருக்குக் கிளம்பும்போது யூனிட்டை வெளியே எடுத்து வெச்சு, கதவைத் திறந்தே விட்டுட்டுப் போங்க. எண்ணெய்ப் பிசுக்குக்கு மாத்திரை, உப்புக்குத் திரவம். ரெண்டும் வேற வேற, ஒண்ணு போட்டா இன்னொண்ணு வேண்டாம்னு நினைக்காதீங்க.

இவ்வளவு கஷ்டப்பட்டு என்ன லாபம்? கணக்கு பாருங்க. கிலோ 15 யூரோவுக்கு ஒரு சுமாரான கொட்டை. அதுல 2.19 யூரோ காபி வரி, ஆமா, ஜெர்மனியில காபிக்குன்னே தனி வரி! தடவைக்குப் பத்து கிராம்னா நூறு காபி. ஒரு காபி 15 சென்ட். வெளியே கடையில ஒரு கப்புசினோ மூணரை, நாலு யூரோ. செமஸ்டர் ஃபுல்லா கணக்குப் போட்டா... வேண்டாம், நெஞ்சு வலிக்கும்.

ஒரு தடவை மட்டும் ஆடம்பரமா இருக்கணும்னா, மரியன்பிளாட்ஸ்ல இறங்கி ரத்தவுஸுக்குப் பின்னாடி டால்மயர் கடைக்குள்ள நுழைஞ்சு பாருங்க. கையால பூ வரைஞ்ச நிம்ஃபென்பர்க் பீங்கான் ஜாடிகள்ல காபிக்கொட்டையை வெச்சு நிறுத்துக் கொடுப்பாங்க. வாங்காட்டியும் வாசனை இலவசம். நான் பலமுறை பயன்படுத்திக்கிட்டேன்.

‘ஊருக்குத் தூக்கிட்டு வந்துடலாமா’னு கேட்கிறவங்களுக்கு... கரன்ட் பிரச்னை இல்லை, அங்கேயும் 230 வோல்ட்தான். ஆனா 1,450 வாட் இழுக்கும், நம்ம சாதாரண ஆறு ஆம்பியர் பிளக் பாயின்ட் தாங்காது, ஏ.சி., ஹீட்டருக்கு வைக்கிற பெரிய பாயின்ட் வேணும். தண்ணி அதைவிட முக்கியம். குடிநீர்ல 200 மில்லிகிராம் கடினம் வரைக்கும் நல்லது, வேற வழியில்லைனா 600 வரைனு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. 600-ங்கிறது ஜெர்மன் கணக்குல 33 டிகிரிக்கு மேல! கோயமுத்தூர் சிறுவாணித் தண்ணி வீட்டுக்கு வர்றவங்க தைரியமா தூக்கிட்டு வாங்க. போர் தண்ணி வீட்டுக்காரங்க ஃபில்டரோட இருந்துக்கோங்க.

ஃபில்டர்னதும் ஞாபகம் வருது. மெஷின் பிழைச்சதுக்கு அடுத்த வாரம், ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருந்த கிளீனிங் டியூட்டி சார்ட்ல ஒரு புது கட்டம் முளைச்சிருந்துச்சு. பாத்ரூம், கிச்சன், படிக்கட்டு, அதுக்குப் பக்கத்துல ‘காபி மெஷின்’. முதல் வாரத்துக்கு என் பேர். ரெண்டாவது வாரத்துக்கு டிரெஸ்டன்காரர் தன் பேரையே எழுதியிருந்தார்.

மிச்சமிருந்த நானூறு கிராம் பொடியை என்ன பண்றதுனு யோசிச்சப்போ, அவரே அலமாரியில இருந்து பீங்கான் கூம்பையும் காகித வடிகட்டியையும் எடுத்து வெச்சார். 1908-ல அவங்க ஊர்க்காரம்மா மெலிட்டா பென்ட்ஸ், பையனோட நோட்டுல இருந்த மை ஒத்தும் தாளை வெச்சுக் கண்டுபிடிச்சது. ‘‘நாங்க சாக்சனிக்காரங்க, எங்களுக்கே காபி-சாக்சன்னுதான் பட்டப்பேர்’’னு பெருமை வேற. ஞாயித்துக்கிழமை காலையில, கடைகள் எல்லாம் மூடி ஊரே அமைதியா இருந்த நேரத்துல, அதுல டிகாஷன் இறக்கினேன். சிக்கரி இருக்கிறதால சொட்டுச் சொட்டா இறங்கிச்சு, இருபது நிமிஷம் ஆச்சு. பாலைப் பொங்கக் காய்ச்சி, ரெண்டு டம்ளர் வெச்சு ஆத்தி, நாலு பேருக்கும் கொடுத்தேன். நான் உயரத்துல இருந்து ஆத்துறதை அந்தப் பவேரியாப் பையன் வீடியோ எடுத்தான்.

டிரெஸ்டன்காரர் ஒரு வாய் குடிச்சார். கண்ணை மூடினார். இன்னொரு வாய்.

‘‘இது முக்கஃபுக்!’’னார்.

அவங்க பாட்டி காலத்துல, யுத்த நேரத்துல, நிஜ காபி கிடைக்காம சிக்கரியையும் பார்லியையும் வறுத்துக் குடிச்ச பானத்துக்கு அந்தப் பேராம். பஞ்சத்தோட வாசனைன்னார். ‘‘இதை நீங்க காசு கொடுத்தா வாங்குறீங்க?’’

‘‘கூடுதலா போடச் சொல்லியே வாங்குவோம்’’னேன்.

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துட்டிருந்தார். அப்புறம் அதை என் பக்கம் தள்ளினார்.

‘‘இன்னும் பாதி ஊத்து.’’